மாரி வெள்ளமும் குளத்து மீனும்

ஐப்பசி பிறந்து மழை விழத் தொடங்கியதும் நமது கிராமங்களில் இருவிதமான பேச்சைக் கேட்கலாம். வான் பாயும் இடத்தின் கீழே கரப்போடும் அத்தாங்கோடும் நிற்பவர்கள், இந்த முறை மீனுக்குக் குறைவில்லை என்பார்கள். அதே குளத்தில் வள்ளத்திற் சென்று வலை விடும் மீனவரோ, நாலு நாளாக வலையில் ஒன்றும் படவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. ஒரே குளத்தில், ஒரே வாரத்தில் இது எப்படி நடக்கிறது? இதை விளங்கிக்கொண்டால், அடுத்த ஆனி, ஆடி மாதங்களில் அக்குளத்தில் மீன் இருக்குமா, இராதா என்பதையும் நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை வறண்ட வலயத்துக் குளங்களிலும் ஆறுகளிலும் நடப்பவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காகப் பார்ப்போம்.

வற்றிய குளத்தில் எஞ்சிய விதை

இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரை, உன்னிச்சை போன்ற பெருங்குளங்களானாலும், நாடெங்கும் பரந்துள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களானாலும், அவற்றின் நீர் முதலில் வயலுக்கே உரியது. சிறுபோகத்துக்கு நீர் கொடுத்து முடிந்து, ஆவணி, புரட்டாசி வெயிலும் குடித்தபின், குளத்தின் நீர்மட்டம் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்துவிடுகிறது. சிறு குளங்கள் பல முற்றாக வற்றிவிடுகின்றன. மற்றவற்றில் துருசுக்கு அருகிலுள்ள ஆழமான மடுவில் மாத்திரமே நீர் நிற்கிறது. விரால், சுங்கான், பனையேறி முதலியவை ஈரச் சேற்றுக்குள் ஒதுங்கியும் தப்பிக்கொள்கின்றன. ஏனெனில் இவற்றால் நீருக்கு வெளியேயுள்ள காற்றையும் சுவாசிக்க முடியும்.

மழை தொடங்கும்போது குளத்தில் உயிரோடிருப்பவை இம்மீன்களே. கமக்காரன் விதைநெல்லைக் கோட்டையிற் கட்டி வைப்பதுபோல, குளமும் தன் விதையை இந்த மடுவுக்குள் வைத்திருக்கிறது. புரட்டாசியில் மடுவை இறைத்துக் கடைசி மீனையும் அள்ளுவது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு ஒப்பாகும்.

முதல் மழையின் ஆபத்து

முதல் மழை மீனுக்கு நல்லதென்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது ஒரு சோதனைக் காலம். நீரேந்து பகுதியிற் கிடந்த உக்கல் இலை, சாணம், செம்மண் யாவும் முதல் வெள்ளத்தோடு வற்றிய குளத்துக்குள் வந்து சேர்கின்றன. இவை அழுகும்போது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் செலவாகிறது. நீர் கலங்கியிருப்பதால் சூரிய ஒளி உள்ளே புகாது. பாசிகளால் புதிய ஒட்சிசனை உண்டாக்கவும் முடியாது. மேலே விழும் குளிர்ந்த மழைநீர் கீழே இறங்க, அடியிலிருந்த கெட்ட நீர் மேலே கிளம்புகிறது.

இதனாலேயே முகில் மூடிக் காற்றில்லாத இரவின் பின், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில செத்து மிதக்கின்றன. யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று ஊரிலே சண்டையும் வருவதுண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய வழி இருக்கிறது. ஒட்சிசன் குறைவால் வந்ததாயின், விடியலில் மோசமாக இருந்து வெயில் ஏறத் தணியும். பெரும்பாலும் பெரிய மீன்களே முதலிற் சாகும். விராலும் பனையேறியும் தப்பிவிடும். மாறாக, நேரகாலம் பாராமல் விரால், தவளை உட்பட எல்லாமே செத்துக் கிடந்தால், வயலுக்கு அடித்த பூச்சிநாசினி அல்லது களைநாசினி மழையோடு கழுவுண்டு வந்திருக்கலாம், அல்லது எவரேனும் நஞ்சு கலந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். அவ்வாறான மீனை உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும்.

வெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீன்

கார்த்திகையில் மழை வலுத்து ஆறுகளும் வாய்க்கால்களும் பெருகும்போது நாட்டு மீன்கள் பல முட்டையிடத் தயாராகின்றன. கெண்டை இனங்கள் புதுநீரின் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறுகின்றன. பனையேறி ஈரத்தரையிலும் ஊர்ந்து செல்வதை மழை நாட்களிற் காணலாம். விரால் புல் மூடிய அலைகரையில் ஒதுக்குப்புறமான இடம் தேடி, ஆணும் பெண்ணுமாக நின்று, மிதக்கும் முட்டைகளைக் காவல் செய்கிறது. பொரித்த பின்பும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழே தாயும் தந்தையும் நின்று காக்கின்றன. நமது ஊர்களிற் பார்ப்பு எனப்படும் அக்கூட்டத்தைக் கண்டால் கீழே பெரிய விரால் நிற்கும் என்பது தூண்டிற்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த விராலைப் பிடித்தவுடன் பார்ப்பு முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடுகிறது. ஒரு மீனைப் பிடித்து ஆயிரக்கணக்கான குஞ்சுகளை இழப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் பழக்கம் வேறு. பெண்மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளே வைத்துப் பொரிக்கச் செய்கிறது. ஆண்டு முழுவதும் இனம் பெருக்கவும் அதனால் முடியும். குளங்களில் அது விரைவிற் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நாட்டு மீன்களுக்கு மாரியே பிரதான காலம். மாரியில் நாம் செய்யும் தவறு முதலிற் பாதிப்பது அவற்றையே.

ஆற்றின் வழியே கடலோடு தொடர்புள்ள உயிர்களும் உண்டு. விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகிறது. பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டும். ஆகவே வெள்ளம் பாய்ந்து முகத்துவாரங்கள் திறபடுவதும், ஆற்றை வலையால் குறுக்கே முற்றாக அடைக்காமல் விடுவதும் இவற்றுக்கு உயிர்ப் பிரச்சினையாகும்.

வலையில் மீன் படாதது ஏன்?

குளத்தின் பரப்பு ஒரு மாதத்துக்குள் மூன்று மடங்கானால், அதே மீன் மூன்று மடங்கு இடத்திற் பரவிவிடுகிறது. மேலும், கோடையில் மாடுகள் மேய்ந்த குளப்படுகையின் புல்லும் சாணமும் நீரில் மூழ்கும்போது அங்கே நுண்ணுயிர்களும் புழுபூச்சிகளும் பெருகுகின்றன. மீன்கள் ஆழநீரை விட்டு அந்த இரையைத் தேடிக் கரைப்பக்கம் போய்விடுகின்றன. வள்ளக்காரரின் செவுள் வலையோ ஆழநீரிலே நிற்கிறது. கரைப்பக்கம் விட்டாலும் புல்லும் மரக்கொப்பும் வலையைக் கிழிக்கும். எனவே பிடி குறைவது மீன் அழிந்ததன் அடையாளம் அல்ல. மீன் மேய்ந்து வளர்கிறது என்பதன் அடையாளமே. நீர் வற்றத் தொடங்கும் பங்குனிக்குப் பின் அது மீண்டும் ஒடுங்கி வரும்.

இங்கேதான் மீனவர் குடும்பத்தின் கஷ்டம் தொடங்குகிறது. குளத்தில் மீன் இருந்தும் வீட்டில் உலை வைக்கக் காசில்லை. அந்த நெருக்கடியிலே சிறுகண் வலையை வாங்கத் தோன்றும். தடை செய்யப்பட்ட தங்கூசி வலையைக் கரைப்பக்கம் விடத் தோன்றும். அவ்வலையிற் படுவது விரற்கடை நீளக் குஞ்சுகளே. அவை சந்தையில் ஒரு கூறு மீனாக முடிந்துவிடுகின்றன. ஆடியில் ஒவ்வொன்றும் அரைக் கிலோ நிறுக்கக்கூடியவை அவை.

வான் பாயும் இடம்

குளம் நிறைந்து வான் பாயும்போது மீன்கள் இரு வழியாகவும் அகப்படுகின்றன. குளத்திலிருந்து நீரோடு அடிபட்டுக் கீழே வருபவை ஒரு பக்கம்; கீழிருந்து மேலே ஏற முயன்று வானின் அடியிலே தேங்கி நிற்பவை மறுபக்கம். இவ்விரண்டாவது கூட்டத்திற் பெரும்பாலானவை சினை மீன்கள். குறுகிய இடத்தில் நெருங்கி நிற்பதால் சிறு பிள்ளையாலும் அள்ள முடிகிறது. மீன் நிறைய இருப்பதாகத் தோன்றும் தோற்றம் இங்கே உண்டாகிறது. உண்மையில் நாம் காண்பது குளத்தின் ஒட்டுமொத்த முதலும் ஓரிடத்திற் கூடிய காட்சியையே.

வீட்டுக் கறிக்கு ஒரு சட்டி மீன் பிடிப்பதை எவரும் குறை கூறப்போவதில்லை. வானை வலையால் மறித்துச் சாக்குச் சாக்காக அள்ளி லொறியில் ஏற்றுவதே கேடானது. அந்த வியாபாரத்தால் இலாபம் அடைபவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர். நட்டத்தை ஆண்டு முழுவதும் சுமப்பவர் ஊர் மீனவரே.

அரசின் கையும் நமது கையும்

1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. குஞ்சு வளர்ப்பும் மேற்பார்வையும் தளர்ந்தன. உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. 1994இல் ஆதரவு மீண்டும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும், 1999இல் இயங்கத் தொடங்கிய தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் அதன் பின் வந்தவை. நஞ்சும் வெடியும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. குளங்களில் விடும் செவுள் வலையின் கண் 8.5 சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது. கண்ணின் எதிரெதிரான இரு முடிச்சுகளையும் இழுத்துப் பிடித்து அளப்பதே முறை.

ஆயினும் ஒவ்வொரு குளக்கட்டிலும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. மேலே கண்ட ஆண்டுகள் நமக்குக் கற்பிப்பது இதுவே: வெளியுதவி வரும், போகும், குளத்தைச் சுற்றி வாழ்பவர்களின் கட்டுப்பாடு மாத்திரமே நிலைக்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஐப்பசிக்கு முன்னரே ஒன்றாகக் கூடிப் பின்வருவனவற்றைத் தீர்மானிக்கலாம்.

1. புரட்டாசியில் துருசு மடுவை இறைப்பதில்லை, அதில் வலை விடுவதில்லை என முடிவு செய்தல்.

2. வான் பாயும் நாட்களில் வானின் மேலும் கீழும் குறிப்பிட்ட தூரத்துக்கு விற்பனைக்காக மீன் பிடிப்பதைத் தடுத்தல். எல்லையை மரத்தில் சாயம் பூசிக் காட்டினால் வாக்குவாதம் குறையும்.

3. பார்ப்போடு நிற்கும் விராலைப் பிடிப்பதில்லை என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தல்.

4. மீன்குஞ்சு விடும் சங்கங்கள், வான் பாய்ந்து ஓய்ந்த பின்னரே விடுதல். அவசரப்பட்டுக் கார்த்திகையில் விட்டால் குஞ்சு வெள்ளத்தோடு போய்விடும். கட்லா, ரோகு போன்றவை பருவகாலக் குளங்களில் ஆறு முதல் எட்டு மாதங்களில் விற்கும் அளவுக்கு வளரக்கூடியவை. ஆகவே தை மாதத்தில் விட்டால், குளம் வற்றுமுன் அறுவடை செய்யலாம். காலையிலோ மாலையிலோ, குஞ்சுப் பையைக் குளத்து நீரிற் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பின் திறக்க வேண்டும்.

5. களைநாசினி, பூச்சிநாசினி அடிக்கும் நாளை மழை பார்த்துத் தீர்மானித்தல். தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் வாய்க்காலிற் கழுவாதிருத்தல்.

6. ஆடி, ஆவணியில் மீன் மலிந்து விலை விழும்போது ஒரு பங்கைக் கருவாடாக்கி வைத்தல். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தில் மாரிகாலச் சேமிப்பாக இடுதல். கார்த்திகையிற் சிறுகண் வலையை வாங்கத் தூண்டுவது பேராசையைக் காட்டிலும் வெறும் கையே. ஆகவே மேற்கண்ட ஐந்து தீர்மானங்களும் நிலைப்பது இந்த ஆறாவதிலேயே தங்கியிருக்கிறது. மாரியில் வேலையில்லாத மீனவருக்கு வயல் வேலையில் முதலிடம் கொடுக்கக் கமக்காரர் அமைப்பும் முன்வரலாம்.

உயிர் முக்கியம்

மாரியிற் குளம் கோடைக் குளம் அல்ல. பெருங்குளங்களிற் காற்றடித்தால் எழும் அலை சிறு வள்ளத்தைக் கவிழ்க்கப் போதுமானது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்துள் மூழ்கியதும் இந்தப் பருவத்திலேயே நிகழ்ந்தன. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேளாமலும், உயிர்காப்பு அங்கி இல்லாமலும், தனியொருவராகவும் வள்ளம் இறக்கலாகாது. வான்கதவு திறக்கப்படும்போது அதன் கீழே எவரும் நிற்கக்கூடாது. வெள்ளத்தோடு முதலைகள் இடம் மாறும் என்பதையும் மறக்கலாகாது.

காலிற் புண்ணோடு வெள்ளத்தில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது பரவி உயிர்களைப் பலிகொண்டது. வயலிலும் குளத்திலும் வேலை செய்வோர் முற்காப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்து அறிய வேண்டும். காய்ச்சலும் தசைநோவும் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குளத்தில் இறங்கியதையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

குளத்து மீன் நமது கிராமங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய புரத உணவு. கடல் மீன் விலையேறும் மாரியிலே அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். அந்த மீன் ஆடியிலும் கிடைக்க வேண்டுமானால், கார்த்திகையில் வானடியிலே நிற்கும் நாம் சட்டி நிறைந்ததும் கரையேறப் பழக வேண்டும். இவ்வாண்டு மழை தொடங்குமுன் உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் இந்த ஆறு விடயங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து, முடியுமானவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.