1976-இல் நின்றுபோன வரைபடம்

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஆனால் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சாதிச் சான்றுக்கு அடிப்படையான ஆவணத்தில் இந்த மூன்று பெயர்களும் இல்லை. அதில் இருப்பது வடஆற்காடு. 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட மாவட்டம்!

அந்த ஆவணம், குடியரசுத் தலைவர் 1950-இல் பிறப்பித்த பட்டியல் பழங்குடியினர் ஆணை. பின்னாளில் அதைத் திருத்திய நாடாளுமன்றம் சாமர்த்தியமாக ஒரு வரி சேர்த்தது. ஆணையில் எந்த மாவட்டப் பெயர் வந்தாலும், அது 1976 மே 1 அன்று இருந்த எல்லையையே குறிக்கும். கலெக்டர் அலுவலகங்கள் எத்தனை புதிதாக முளைத்தாலும் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்க்காரர்களின் உரிமைக்குச் சேதமில்லை.

பர்கூர் மலையில் அதே வரி கழுத்தறுக்கிறது. இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் அன்று கோவை மாவட்டம். மலையாளிகளுக்காக ஆணை சொல்லும் ஆறு மாவட்டங்கள் தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சி. கோவை இல்லை. ஆகவே சேலம் மாவட்டத்து மாமன் பழங்குடி. பர்கூர் மருமகன் பழங்குடி அல்லர்.

கோர்ட்டுக்குப் போனால்? அரசின் செயல் சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் சோதிப்பதை நீதிப் புனராய்வு என்கிறோம். அந்த அதிகாரம் இங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறது. அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவு, போட்டவரே திறக்க முடியாத பூட்டு. ஆளுநரைக் கலந்து குடியரசுத் தலைவர் பட்டியலை அறிவிக்கலாம். அறிவித்தபின் அவரே இன்னோர் அறிவிக்கையால் அதை மாற்ற முடியாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் உண்டு.

மகாராஷ்டிரத்தில் 'ஹல்பா' பட்டியலில் உண்டு. 'ஹல்பா-கோஷ்டி'யும் அதில் அடக்கமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அப்படி விசாரிப்பதே கூடாது, பட்டியலை எழுதியபடியே படிக்க வேண்டும் என்று 2000-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வழக்கில் சிக்கிய மருத்துவ மாணவரின் பட்டத்தை மட்டும் பறிக்கவில்லை. பட்டியலில் கைவைக்காமல் ஆளைக் காப்பாற்றிய அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

இதற்கு முன் நீதிமன்றம் அப்படி விசாரித்த விசித்திரம் ஒன்று நடந்திருக்கிறது. மைசூர்ப் பட்டியல் சாதிகளில் 'போவி' என்று இருந்தது. அப்பெயரில் அங்கே தனிச் சாதியே இல்லை. ஆணை யாரைத்தான் சொல்கிறது? 1964-இல் நீதிமன்றம் சாட்சியங்களைப் பார்த்து, வொட்டர் சாதியினரைத்தான் என்று ஏற்றது.

தமிழ்நாட்டுப் பட்டியலில் நெடுங்காலம் 36 பெயர்கள். நரிக்குறவர், குருவிக்காரர் 37-ஆவதாகச் சேர, 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது. மாநில அரசின் பரிந்துரை, இந்தியப் பதிவாளர் நாயகத்தின் கருத்து, தேசியப் பழங்குடியினர் ஆணையம், அப்புறம் இரு அவைகள். பர்கூர்க்காரர்களுக்கும் இதே பாதைதான்.