பச்சைப் பேரேடு – 11: ராகிக்குச் சொந்தம் அன்னாசி

தொப்பூர்க் கணவாயை பஸ்ஸில் கடப்பவர்கள் பெரும்பாலும் முன்னால் இறங்கும் லாரியின் பிரேக் விளக்கைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சாலைக்கு இருக்கும் பெயர் அப்படி. ஜன்னலோர இடம் கிடைத்தால் கொஞ்சம் வெளியேயும் பாருங்கள். வறண்ட சரிவுகளிலும் சேலம் – தருமபுரி ரயில் பாதை ஓரத்திலும் வாள் வாளாக இலை நீட்டி, நுனியில் கருமுள்ளோடு நிற்கிறதே, அதற்கு ரயில் கற்றாழை என்று பெயர். ஆனைக் கற்றாழை என்பாரும் உண்டு. தண்டவாள ஓரத்தில் மாடு ஏறாமலிருக்க வேலியாக வைத்தது, பிறகு தானே பெருகிவிட்டது.

எதிர்த் தடத்தில் சேலத்திலிருந்து மேட்டில் முனகிக்கொண்டு லாரிகள் ஏறும். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளத்தில் அன்னாசி ஏற்றிக்கொண்டு பாலக்காடு, கோவை, சேலம் தாண்டி பெங்களூருப் பக்கம் போகிற வண்டிக்கும் இதுதான் வழி. கொண்டையோடு அடுக்கிய அந்தப் பழத்தை ரயில் கற்றாழைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் ‘அண்ணன் தம்பி’ என்றுதான் சொல்வார்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி எழும் இலை, அதே சதைப்பற்று, ஓரத்தில் அதே முள். ஆனால் இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் மிகத் தூரம். சென்ற வாரம் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தோம். இந்த வாரம் அன்னாசியின் குடும்பம். தாவர நூல்களில் அதற்கு ப்ரோமிலியேசி என்று பெயர்.

நம் ஆட்கள் இந்தச் செடிகளுக்குப் பெயர் வைத்ததெல்லாம் இலையைப் பார்த்துத்தான். கடற்கரையில் வளர்வது தாழை. அதே சாயலில் மேட்டு நிலத்தில் நின்றது கற்றாழை. போர்ச்சுக்கீசியர் அன்னாசியைக் கொண்டுவந்து இறக்கியதும் அது பறங்கித்தாழை ஆயிற்று. செந்தாழை என்றும் சொன்னார்கள். லாரியை ஓட்டிவரும் மலையாளி அதைக் கைதச்சக்க என்பார். கைத என்றால் தாழை, சக்க என்றால் பலா. அக்பரின் அவையில் அபுல் ஃபசல் எழுதிய ‘அயினி அக்பரி’யும் இதைப் பலாக் கணக்கில்தான் சேர்த்தது. தொட்டியில் வைத்துப் பயணத்தில் கொண்டுபோகலாம் என்பதால் பயணப் பலா என்றது. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் செய்த வகைப்பாடு. விதை விற்கிறவருக்கும் வேலி கட்டுகிறவருக்கும் இது போதும்.

இதைப் பாமரப் பெயர் என்று ஒதுக்குவது அவ்வளவு நியாயமில்லை. ஐரோப்பியப் பண்டிதர்களும் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். 1753-ல் லின்னேயஸ் உலகத்துத் தாவரங்களையெல்லாம் மகரந்தத் தாள்களை எண்ணி அறை பிரித்தார். ஆறு தாள், ஒரு சூல்தண்டு என்ற அறைக்குள் அன்னாசி, ரயில் கற்றாழை, சோற்றுக்கற்றாழை, வெங்காயம் எல்லாம் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. 1789-ல் பாரிஸின் ஜுஸ்யூ இயற்கையான குடும்பங்களாகத் தாவரங்களைப் பிரித்தபோது அன்னாசிக் குடும்பம் தனியாக உருவானது. அதற்குள்ளும் ரயில் கற்றாழையைச் சேர்த்தே வைத்திருந்தார்.

வித்தியாசம் பூவில் இருக்கிறது. ரயில் கற்றாழை பல ஆண்டுகள் பொறுத்திருந்து ஒரே ஒரு முறை இருபதடிக்கு மேல் தண்டு விட்டுப் பூக்கும். அந்த மஞ்சள் பூவில் இதழ்கள் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். அன்னாசிப் பூ அப்படியில்லை. வெளியே மூன்று புல்லி, உள்ளே ஊதா நிறத்தில் மூன்று அல்லி, இரண்டும் தெளிவாக வேறு வேறு. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருங்கி நின்று, சூலகங்களும் பூவடிச் செதில்களும் தண்டும் சதைப்பற்றி ஒட்டிக்கொண்டால் அதுதான் நாம் தின்னும் பழம். மேல்தோலில் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. கண்களை வரிசை பிடித்து எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கச் சாய்வில் எட்டு வரிசை வரும், எதிர்ச் சாய்வில் பதின்மூன்று வரும்.

பூ கிடைக்காவிட்டால் இலை போதும், ஆனால் பூதக்கண்ணாடி வேண்டும். அன்னாசி இலையின் அடிப்பக்கத்தில் சாம்பல் பூசியது போலிருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். ரயில் கற்றாழையிலும் சாம்பல் நிறம் உண்டு, அதுவும் சுரண்டினால் வரும். அது வெறும் மெழுகு. அன்னாசியில் இருப்பது மெழுகல்ல. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கேடயங்களாகச் செதில்கள் தெரியும். இந்தக் குடும்பத்தின் முத்திரை அதுதான். மரக்கிளையில் மண்ணே இல்லாமல் தொங்கும் டில்லாண்ட்சியா இனங்கள் மழைநீரையும் பனியையும் இந்தச் செதில்களால்தான் குடிக்கின்றன.

டி.என்.ஏ. வந்தபிறகு கதை இன்னும் சுவையானது. 1990-களிலிருந்து மரபணுவை ஒப்பிட்டுத் தாவரங்களை அடுக்கியபோது ரயில் கற்றாழையும் சோற்றுக்கற்றாழையும் தொப்பூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் வளரும் மருளும் வெங்காயம், பூண்டோடு ஒரே வரிசையில் சேர்ந்தன. தாழை தனி வரிசைக்குப் போயிற்று. அன்னாசி? புல் வரிசைக்கு வந்தது. நெல், கரும்பு, மூங்கில், கோரை எல்லாம் இருக்கும் வரிசை அது. தருமபுரி மாவட்டமே களி கிண்டித் தின்கிற ராகியும் அதில்தான். கணவாயில் ஏறும் லாரியிலிருக்கும் பழத்துக்கு ஓரத்தில் நிற்கும் கற்றாழையைவிட, மேலே நல்லம்பள்ளிக் காட்டில் விதைத்த ராகிதான் நெருங்கிய சொந்தம்.

சாயல் எங்கிருந்து வந்தது என்றால், வறட்சியிலிருந்து. கற்றாழை, கள்ளி, அன்னாசி மூன்றுமே பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். பகல் வெயிலில் தண்ணீர் இழக்காமலிருக்க இதுவே வழி. ஒரே நெருக்கடி, ஒரே உபாயம், தோற்றமும் ஒத்துப்போகிறது.

ப்ரோமிலியேசி குடும்பத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒன்றைத் தவிர மற்ற அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அந்த ஒன்று, பிட்கேர்னியா ஃபெலிசியானா, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைகளில் வளர்கிறது. இந்தியாவில் தானாக முளைத்தது ஒன்றுகூடக் கிடையாது. தருமபுரி, சேலம் மலைகளையெல்லாம் அலசித் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே.எம். மேத்யூ 1980-களில் தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதியை வெளியிட்டார். தொப்பூர்க் காட்டுச் செடிக்குப் பெயர் தெரிய வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். ப்ரோமிலியா என்ற பெயரை வைத்தவர் கரீபியத் தீவுகளில் செடி தேடிய பிரெஞ்சுத் துறவி ப்ளூமியே. 1703-ல் வந்த நூலில், ஓலாஃப் ப்ரோமிலியஸ் என்ற ஸ்வீடன் மருத்துவரைக் கௌரவிக்க அப்படி வைத்தார். அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கிறதல்லவா, அதில் பங்கு வகிக்கும் ப்ரோமலைன் என்ற நொதிக்கும் அவர் பெயரின் எச்சம்தான் ஒட்டியிருக்கிறது. டில்லாண்ட்சியா என்ற பெயர் எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்பவருக்காக லின்னேயஸ் வைத்தது. கடல் பயணத்தில் வாந்தி எடுத்துச் சலித்துப்போய், திரும்பும்போது வளைகுடாவைச் சுற்றித் தரைவழியாகவே நடந்து வந்தவர் அவர் என்று சொல்வார்கள். இந்தச் செடிகளுக்கும் தண்ணீர் ஆகாது என்று நினைத்து லின்னேயஸ் முடிச்சுப் போட்டார்.

பெயர் வைப்பதில் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. ஒரு பேரினப் பெயரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். 1890-ல் பிரேசிலின் அழகுச்செடிக் கூட்டம் ஒன்றுக்கு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தோட்டத்தின் ரெகல் நினைவாக ரெகேலியா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை 1843-லேயே ஆஸ்திரேலியச் செடிக்குக் கொடுத்தாகிவிட்டது. பிறகு அரெகேலியா என்று மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் அமெரிக்கரான லைமன் ஸ்மித் 1934-ல் நியோரெகேலியா என்று முடித்துவைத்தார். இன்று பெங்களூரு, ஓசூர் நர்சரிகளில் நடுவில் சிவப்பாகத் தட்டையாக விரிந்திருக்கும் செடி இதுதான்.

அன்னாசியின் பெயரும் இப்படி அல்லாடியதுதான். லின்னேயஸ் 1753-ல் வைத்தது ப்ரோமிலியா அனானாஸ். அடுத்த ஆண்டே ப்ரோமிலியா கோமோசா என்று இன்னொன்று அவர் மேற்பார்வையில் வெளியானது. அன்னாசியை அனானாஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தபிறகு, முந்திய பெயருக்கே முதலுரிமை என்ற விதிப்படி அனானாஸ் அனானாஸ் என்று ஆகியிருக்க வேண்டும். விலங்கியலில் இதற்குத் தடையில்லை. நம் நல்ல பாம்பு நாஜா நாஜா, புள்ளிமான் ஆக்சிஸ் ஆக்சிஸ். தாவரவியலில் இரட்டைக் கிளவி கூடாது. பழைய நூல்களில் அனானாஸ் சட்டைவஸ் என்று இருக்கும். மணிலாவில் பணியாற்றிய மெர்ரில் 1917-ல் பழைய ஏட்டைப் புரட்டி 1754-ன் பெயரைத் தூசு தட்டி எடுத்தார். அனானாஸ் கோமோசஸ் நிலைத்தது. கொண்டை உள்ளது என்று அர்த்தம்.

வண்டியில் இருப்பது எந்த ரகம்? கொண்டை இலையைத் தடவிப் பாருங்கள். ஓரம் நெடுகக் கையைக் கீறினால் மொரிஷியஸ். வாழக்குளத்தின் பழம் அதுதான். 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. முள் நுனியில் மட்டும் இருந்து மற்ற இடம் வழவழப்பாக இருந்தால் கியூ. இந்தக் கியூவுக்குள் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் கயேனில் பழங்குடிகள் வளர்த்துவந்த இந்த முள்ளில்லா ரகத்தை 1819-ல் எடுத்து ஃபிரான்ஸுக்கு அனுப்பியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சாமுவேல் பெரோத்தே. அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அந்தத் தோட்டத்தின் பெயரோடு இந்தியாவுக்கு வந்து இறங்கியது. அனுப்பிய மனிதரும் பின்னால் நம் பக்கமே வந்துவிட்டார். 1830-களில் நீலகிரியில் செடி சேகரித்தார், புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டார், 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். பழத்தில் இருக்க வேண்டிய பெயர் அவருடையது. இருப்பதோ, இடையில் தங்கிய தோட்டத்தின் பெயர்.

தாவரவியலார் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நர்சரிக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. விதையை வைத்து மூன்றாகப் பிரித்திருந்த துணைக்குடும்பங்கள் 2007-ல் எட்டாயின. 2003-ல் அன்னாசிப் பேரினத்தின் பல இனங்களை மடக்கி இரண்டே இனங்களுக்குள் அடக்கினார்கள். 2016-ல் டில்லாண்ட்சியா, வ்ரீசியா கூட்டத்தையும் கலைத்து அடுக்கினார்கள். என்னைக் கேட்டால் இது விளையாட்டல்ல. ரயில் கற்றாழையை அன்னாசியோடு சேர்த்த 1789-ன் கணக்கைத் திருத்தாமல் விட்டிருந்தால், ராகிச் சொந்தம் யாருக்கும் தெரிந்திருக்காது.

உண்மையான தொல்லை வேறு. நர்சரியில் இந்தக் குடும்பத்துச் செடி எது வாங்கினாலும் தொட்டியில் ‘ப்ரோமிலியாட்’ என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். அது புல் என்று எழுதுவதற்குச் சமம். குஸ்மேனியாவுக்கு நிழல் வேண்டும், அன்னாசிக்கு நல்ல வெயில் வேண்டும், டில்லாண்ட்சியாவை மண்ணில் நட்டால் அழுகிவிடும். அதனால் வாங்கும்போது பேரினத்தின் பெயரையாவது கேட்டு, பென்சிலால் ஒரு பட்டையில் எழுதித் தொட்டியில் குத்தி வையுங்கள். மை வெயிலில் போய்விடும், பென்சில் நிற்கும். நடுக்குழியில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு முறை பூத்த செடி மெல்லக் காயத்தான் செய்யும். பிடுங்கி எறிய வேண்டாம். அடியில் பக்கக்கன்று வரும். அதைப் பிரித்து நடும்போது பெயர்ப்பட்டையையும் கூடவே மாற்றி நடுங்கள்.

(தொடரும்)