மலேரியா அபாயமும் நுளம்பு வாழிட வரைபடமும்

மலேரியாவைப் பரப்புபவை அனோபிலிஸ் பெண் நுளம்புகள். அவற்றுள் ஒவ்வோர் இனமும் முட்டையிடத் தனக்கேற்ற நீரைத் தேடும். அந்த நீர் எங்கே, எந்த மாதத்தில் தேங்குகிறது என்று பதிவதே வாழிட வரைபடம். காய்ச்சல் கண்ட வீடுகளை மட்டும் குறித்தால் நோய் வந்துபோன இடம்தான் தெரியும். நுளம்பின் புழுப் பருவமான குடம்பி வளரும் நீரைக் குறித்தால் இனி வரக்கூடிய இடமும் தெரியும்.

வற்றும் ஆறு

இலங்கையில் மலேரியாவை அதிகம் பரப்பிய இனம் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். வேகமாக ஓடும் ஆற்றில் அது பெருகுவதில்லை. ஆறு வற்றும்போது மணலிலும் பாறையிலும் எஞ்சும் தெளிந்த குட்டைகளே அதற்கு வேண்டியவை. 1934இல் மழை பொய்த்து, நீர்வளம் மிக்க தென்மேற்கு ஆறுகளும் குட்டைகளாயின. அங்கிருந்தவர்கள் மலேரியாவுக்குப் பழகாதவர்கள். 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். மாரியில் மட்டும் வரைந்த படம் இத்தகைய ஆபத்தைக் காட்டாது.

அகப்பையும் வெள்ளைத் தட்டும்

செயற்கைக்கோள் படம் நீர்நிலையைக் காட்டும். அதில் குடம்பி இருக்கிறதா என்பதைக் களத்தில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். நீண்ட பிடியுள்ள அகப்பையால் நீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றுவார்கள். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு படுத்தவாறு மிதக்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். இடம் ஜிபிஎஸ் கருவியில் பதிவாகும்.

நோய் ஓய்ந்ததும் இந்த வேலையைக் கைவிடுவது பெருந்தவறு. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் நோயாளர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது.

மன்னார்க் கிணறுகள்

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் கண்டறியப்பட்டது. அதன் குடம்பிகள் வீட்டுக் கிணறுகளில் இருந்தன. அதுவரை ஆற்றங்கரைகளையே சுற்றிவந்த வரைபடம் வீட்டு முற்றத்துக்கும் வரவேண்டியதாயிற்று. கிணற்றுக்கு வலைமூடி இடுவதும் குடம்பி தின்னும் கப்பி மீன் விடுவதும் பயன்தரும்.

ஒட்டுண்ணியும் வந்தால்

நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது. ஒட்டுண்ணியைச் சுமந்த ஒருவரும் வரவேண்டும். ஆகவே குடம்பி வரைபடத்தின்மேல், மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோர் தங்குமிடங்களையும் பொருத்திப் பார்க்கிறார்கள். 2018இல் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். எனவே அத்தகைய நாட்டுக்குப் போய்வந்தவர், திரும்பிப் பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், பயணத்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.