மலைப்பாதையில் வண்டி ஓட்டும் வணிகர்களுக்கு ஏற்ற காலணி எது?

அடி அண்ணாமலையிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய மற்ற ஊர்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு வியாபாரம் கல்லாப்பெட்டியோடு முடிந்து விடுவதில்லை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, ஜவ்வாது மலையின் உட்கிராமங்களுக்கு எண்ணெய், பருப்பு, சோப்பு கொண்டு போய்க் கொடுத்து, வரும்போது சாமையும் புளியும் தேனும் ஏற்றி வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து சரளைக்கல், மழை அரித்த பள்ளம், ஓடை மணல் என்றுதான் பாதை இருக்கும். சட்டம் சொல்வதால் தலைக்கு ஹெல்மெட் வந்து விட்டது. காலுக்கு மட்டும் இன்றும் ரப்பர் செருப்புதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் இத்தகைய பாதையில் நடக்கிற வேகத்தில்தான் வந்து கொண்டிருந்தார். வண்டி தடுமாறியதும் காலை ஊன்றினார். ஊன்றிய கல் உருண்டது, கணுக்கால் மடங்கியது, இரண்டு மூட்டையோடு வண்டி அதன் மேல் சாய்ந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் கடை வாசலைத் தாண்டிப் போக, அவர் வீட்டில் கட்டிலில் கிடந்தார். ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த பருவம் கை நழுவிப் போயிற்று. இதை மனத்தில் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அடி படுவது எங்கே?

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியின் எடை மட்டுமே 90 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன் மேல் 25 கிலோ சிப்பம் இரண்டு ஏற்றினால் ஏறத்தாழ 140 கிலோ ஆகிறது. மலைப்பாதையில் நாம் வேகமாகப் போவதில்லை. ஆனால் அடிக்கடி காலை ஊன்றுகிறோம். ஆகவே ஆபத்து மூன்று விதமாக வருகிறது. கணுக்கால் பக்கவாட்டில் மடங்குவது ஒன்று. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் பாதம் நசுங்குவது இரண்டு. கல்லிலோ வேரிலோ விரல்கள் மோதுவது மூன்று. விழும்போது சைலன்ஸர் பட்டுச் சுடுவதும் உண்டு. இவற்றைத் தடுப்பதே நல்ல காலணியின் வேலை. பளபளப்பும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

கடையில் கிடைக்கும் வகைகள்

முதலாவது, பந்தய வீரர்கள் அணியும் பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை உயர்ந்து, கெட்டிப் பிளாஸ்டிக் தகடும் கொக்கிப் பட்டைகளும் கொண்டது. 2015-ல் டக்கார் நெடும்பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் போன்றவர்களுக்கு இது வேண்டும். பாதுகாப்பு மிக அதிகம். ஆனால் இதைப் போட்டுக் கொண்டு மூட்டை தூக்கி நடக்க முடியாது.

இரண்டாவது, தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓட்டுவோருக்கான பூட்ஸ். கெண்டைக்கால் பாதி வரை தோல், கணுக்காலின் இருபுறமும் கெட்டிக் கிண்ணம், நடக்கத் தோதான அடி. இதில் ஐரோப்பியத் தர எண்ணான இ.என். 13634 இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் படத்தின் கீழ் நான்கு எண்கள் இருக்கும். அவை முறையே உயரம், உராய்வு, வெட்டு, குறுக்கு விறைப்பு ஆகியவற்றைக் குறிக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. 2 என்பதே மேல். நமக்கு மிக முக்கியமானது நான்காவது எண். வண்டி பாதத்தின் மேல் சாயும்போது அடிப்பாகம் நசுங்காமல் தாங்குமா என்பதை அதுதான் சொல்கிறது.

மூன்றாவது, தொழிற்சாலைகளில் அணியும் சேஃப்டி ஷூ. ஐ.எஸ். 15298 பகுதி 2 என்ற இந்தியத் தர எண் கொண்டதன் முனைக்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ படிக்கல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. பகுதி 3 என்றால் 100 ஜூல்தான். விரலுக்கு இது நல்ல காவல். ஆனால் கணுக்காலுக்குக் கீழே நின்று விடும் தாழ்ந்த ஷூவை வாங்கினால் பாதி வேலைதான் நடக்கும். கணுக்காலை மூடி மேலேறும் உயர்ந்த வகையையே கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, கம்பூட்ஸ். சேற்றுக்கு நல்லது, வண்டிக்கு ஆகாது. கணுக்காலுக்குப் பிடிப்புத் தராது, விழும்போது கழன்று போகும், பி.வி.சி. வகை சூடான சைலன்ஸரில் பட்டால் உருகி விடும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

நெல்லைக் கடித்துப் பார்த்து வாங்குகிற நாம், காலணியையும் கையால் சோதித்தே வாங்க வேண்டும்.

1. முனையை ஒரு கையிலும் குதிகாலை மறு கையிலும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல் முறுக்குங்கள். எளிதில் முறுக்கிக் கொண்டால் வேண்டாம்.

2. கணுக்கால் பகுதியை இருபுறமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். துணிபோல் உள்ளே போனால் அங்கே காப்பு ஏதும் இல்லை.

3. அடிப்பாகம் விரல் மடியும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுவில் வளையக் கூடாது. குதிகால் படிபோல் இறங்கியிருந்தால் ஃபுட்ரெஸ்டிலிருந்து கால் நழுவாது.

4. மாலையில் போய், கெட்டியான காலுறையோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும்.

5. தயாரித்த மாதம், ஆண்டு கேளுங்கள். பாலியூரித்தேன் அடி கொண்டவை அணியாமல் கிடந்தாலும் சில ஆண்டுகளில் ஈரக் காற்றால் உதிரத் தொடங்கும். பாதி விலைக்குத் தரும் பழைய சரக்கின் கதை நாம் அறியாததல்ல.

6. உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பாருங்கள். எக்ஸ்.எல். வண்டிக்குக் கியரும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. எனவே பருத்த முனை இடைஞ்சல் செய்யாது. கியர் வண்டியிலோ முனை கியர் லீவருக்கு அடியில் நுழைய வேண்டும்; பிரேக்கை மிதிக்கும் அளவு பாதத்துக்குத் தெரிய வேண்டும். கயிற்று முடிச்சு தொங்கினால் லீவரில் மாட்டிக் கொள்ளும். உள்ளே செருகி விடுங்கள்.

நம் ஊர் வழக்கத்துக்கு ஏற்றபடி

கிரிவலம் வெறுங்காலோடு சுற்றும் ஊர் நம்முடையது. கடைக்குள்ளும் காலணியோடு ஏற மாட்டோம். ஒரு நாளில் பத்து முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். இந்தத் தொல்லைக்காகவே பலர் செருப்புக்குத் திரும்பி விடுகிறார்கள். ஆகவே பக்கத்தில் ஜிப் அல்லது ஒட்டுப்பட்டை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மலை ஏறும்வரை செருப்போடு போய், மண்பாதை தொடங்கும் இடத்தில் பூட்ஸுக்கு மாறுவது சரியல்ல. தார்ச்சாலையிலும் வண்டி சாயும். பூட்ஸ் அணிந்தே புறப்பட்டு, செருப்பைப் பையில் வைத்துக் கொள்வதே நல்லது.

நீர் புகாத உள்துணி கொண்டவை சித்திரை வெயிலில் புழுங்கும். ஓடையில் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தாலோ வெளியே வராது. மழைக்காலத்தில் மட்டுமே மலைக்குப் போவோர் அதை வாங்கலாம். நனைந்த தோலை அடுப்பருகில் வைத்தால் வெடித்து விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.

முடிவாக

வாரம் இருமுறைக்கு மேல் மலைக்குச் செல்வோர் இரண்டாம் வகைக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். எப்போதாவது செல்வோருக்கு உயர்ந்த கணுக்கால் கொண்ட சேஃப்டி ஷூ போதும். தோல் பொருள்களுக்குப் பேர்போன ஆம்பூரும் வாணியம்பாடியும் நமக்குத் தொலைவில் இல்லை. அங்கே வாங்கினாலும் மேற்சொன்ன சோதனைகளை விடக் கூடாது.

தராசு பழுதானால் மறுநாளே மாற்றி விடுகிறோம். கால் பழுதானால் கடையே நின்று போகிறது. கடைக்குச் செய்யும் முதலீட்டில் காலணியையும் ஒன்றாகக் கணக்கில் எழுதுமாறு உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.