உழவாரத் திருப்பணியும் சீமைக் கருவேலமும்

தொண்டை நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்களுள் ஒன்று திரு அச்சிறுபாக்கம். இன்று அச்சரப்பாக்கம் என வழங்கும் இத்தலம், செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே அமைந்துள்ளது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட இறைவனின் தேரச்சு இற்ற இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஆட்சீஸ்வரர் திருக்கோயிலின் தலமரம் சரக்கொன்றை. பொன்னிற உடும்பொன்று கொன்றைமரப் பொந்தில் புகுந்து மறைய, அவ்விடத்தே இறைவன் வெளிப்பட்டருளினார் எனத் தலவரலாறு கூறுகிறது.

கொன்றையைப் போற்றும் இத்தமிழ் மண்ணில், தரிசு நிலங்களையும் ஏரிக்கரைகளையும் இன்று சூழ்ந்து நிற்பது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுத் தேவைக்காக இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. ஆடு மாடுகள் இதன் நெற்றுகளை விரும்பி உண்ணும். விதைகளோ செரியாமல் சாணத்துடனும் புழுக்கையுடனும் வெளிவந்து, அவை மேயும் இடமெல்லாம் முளைக்கும். அடர்ந்து வளர்ந்தபின் அதனடியில் நம் நாட்டுச் செடிகள் தழைப்பது அரிது. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு, இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

களை நீக்குதல் சைவ மரபில் சிறந்த தொண்டாகும். திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தி, திருக்கோயில்கள்தோறும் புல்லும் முள்ளும் அகற்றித் தூய்மை செய்தார். அப்பணியை இக்காலத்தில் மேற்கொள்ளும் அன்பர்கள் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மண்ணில் எஞ்சின் பல கிளைகளாக மீண்டும் துளிர்க்கும். தரைமட்டத்திற்குக் கீழுள்ள வேர்க்கழுத்தோடு தோண்டி எடுத்தல் வேண்டும். இளங்கன்றுகளை மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவது எளிது. பார்த்தீனியச் செடியைப் பூக்குமுன்னரே களைதல் நலம். அது தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்குமாதலின் கையுறை அணிதல் இன்றியமையாதது.

இரண்டாவது, மரமறிந்து வெட்டுக. நம் நாட்டுக் கருவேலம் வேறு. சீமைக் கருவேலம் வேறு. கருவேலத்தின் பூ மஞ்சள் நிறச் சிறு பந்து போன்றது. காய் மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறமுடைய நீண்ட கதிர். காய் தட்டையாய் நீண்டிருக்கும். அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் கூடு கட்டும் மரங்களுள் நாட்டுக் கருவேலமும் ஒன்று. விருத்தாசலத்தில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியோ சீமைக் கருவேலத்திற்கு நெருங்கிய உறவுடையது. ஆதலின் ஐயமுள்ள மரத்தை அறிந்தவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கோடரி எடுத்தல் வேண்டும். திருக்கோயில் நிலத்து மரம் திருக்கோயிலின் உடைமை. நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி எதனையும் வெட்டலாகாது.

மூன்றாவதே தலையாயது. முள் நீங்கிய நிலத்தை வெறுமையாக விடலாகாது. மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த மழையில் எழும். ஓராண்டு உழைப்பு வீணாகும். ஆகவே அகற்றிய இடத்திலேயே கொன்றை, வில்வம், புன்னை, வேம்பு முதலியவற்றை நட்டு, முதற் சில ஆண்டுகள் நீரூற்றிக் களையெடுத்தல் வேண்டும். கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. சொரசொரப்பான கல்லில் சிறிது தேய்த்து நீரில் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும்.

முள்ளை நீக்குவது பணியின் பாதியே. அவ்விடத்தில் நட்ட கன்று நிழல் தரும் மரமாக நிற்கும் நாளிலேயே அது நிறைவுறும். வழிபட வரும் அடியார் ஒவ்வொருவரும் ஒரு கன்றின் பொறுப்பை ஏற்பின், முள் மண்டிய தரிசுகள் இறைவனுக்கு மலர் தரும் நந்தவனங்களாகும்.