ரஞ்சன்குடி: திறந்த கதவும் மூடிய கதவும்

பெரம்பலூரைத் தாண்டி சென்னை நோக்கிப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். வாலிகண்டபுரம் கடந்து சிறிது தூரத்தில், வெட்டவெளியில் ஒரு பாறை. அதன் மேல் அடுக்கடுக்காக மதில்கள். ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜாகீர்தார் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கட்டியவர்களின் திறமை, பாறையை அவர்கள் பயன்படுத்திக்கொண்ட விதத்தில் தெரிகிறது. சுற்றிலும் அகழி. அதற்குள், ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று சுற்று மதில்கள். செதுக்கிய கற்களை நெருக்கமாக அடுக்கி எழுப்பிய சுவர்களில் அரைவட்டக் கொத்தளங்கள் வெளியே துருத்தி நிற்கின்றன. கொத்தளத்தில் நிற்பவன் நேரே மட்டுமல்ல, மதிலின் அடியில் ஒட்டி ஏறுபவனையும் பக்கவாட்டிலிருந்து சுடலாம். கீழ்த்தளம் பேட்டை, உச்சி கோட்டை மேடு. முதல் சுற்றைப் பிடித்தவன் மேலே இருப்பவனின் துப்பாக்கிக்கு நேர் கீழே வந்து சிக்கிக்கொள்வான்.

1751இல் இந்தக் கணக்கு சோதிக்கப்பட்டது. ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிய காலம். முன்னவருக்குப் பிரெஞ்சுக் கம்பெனி துணை, பின்னவருக்கு ஆங்கிலக் கம்பெனி. ஐரோப்பாவில் இரு நாடுகளும் 1748லேயே சமாதானம் செய்துகொண்டிருந்தன. சண்டை மட்டும் நம் வயல்களில் நடந்தது.

திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிபை வழிமறிக்க கேப்டன் ஜிஞ்ஜென்ஸ் தலைமையில் ஆங்கிலப்படை வந்தது. இரு தரப்புக்கும் இந்தக் கோட்டை வேண்டும். ஆங்கிலேயர் ஏடுகளில் ‘வால்கொண்டா’ என்று வருவது இதுதான். கோட்டைத் தலைவரோ யாருக்கும் பிடிகொடுக்காமல் இருவரிடமும் பேசிக்கொண்டே நாள் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலப்படை இரவில் பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. கற்கோட்டை அசையவில்லை. சினந்த தலைவர் பிரெஞ்சுத் தளபதி தொத்தேயுக்கு ஆளனுப்பி அவர் படையை உள்ளே விட்டார். அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயரின் ஐரோப்பிய வீரர்களே கலைந்து ஓடினார்கள். படை ஊட்டத்தூருக்கும், பிறகு திருச்சிக்கும் பின்வாங்கியது. அந்தத் தோல்வியைக் கண்டவர்களில் ஒருவர் அப்போது படைக்கு உணவுப்பொருள் சேகரிக்கும் பொறுப்பிலிருந்த ராபர்ட் கிளைவ்.

அடுத்த ஆண்டு காட்சி தலைகீழானது. ஸ்ரீரங்கத்தில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுப் படைக்கு உதவியும் பொருளும் கொண்டுவந்தவர் அதே தொத்தேய். வழியில் எதிர்கொண்டவர் கிளைவ். பின்வாங்கிய தொத்தேய், முந்தைய ஆண்டு தனக்கு அடைக்கலம் தந்த கோட்டையை நோக்கி ஓடிவந்தார். இந்தமுறை கோட்டைத் தலைவர் முகமது அலியின் பக்கம் சாய்ந்திருந்தார். கற்கோட்டையின் கதவு சாத்தப்பட்டது. மூடிய கதவுக்கும் கிளைவின் படைக்கும் நடுவே மாட்டிய தொத்தேய் சரணடைந்தார்.

இந்தப் போர்களைக் கிளைவ், பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே என்ற இருவரின் ஆட்டமாகவே நம் பாடநூல்கள் சொல்லிப் பழகிவிட்டன. ரஞ்சன்குடியில் இரண்டு முறையும் முடிவெடுத்தவர் உள்ளூர்க் கோட்டைத் தலைவர். அவர் பெயரைக்கூடப் பாடநூலில் காண முடியாது.

கதவு சாத்தப்பட்டதன் விளைவு உடனே தெரிந்தது. உதவி வந்து சேராததால் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா சில நாட்களில் தன் படையோடு சரணடைந்தார். தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் தேடிப்போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. 1754இல் தூப்ளே பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்.

(தொடரும்)