கோவா கடலில் டால்பின் காணும் படகுப் பயணம்: ஏறுவதற்கு முன் அறிய வேண்டியவை

பனாஜி: கோவாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் ஒருநாள் கடற்கரைப் பயணத் திட்டத்தில் தவறாமல் இடம்பெறுவது, அதிவேகப் படகில் சென்று டால்பின்களைக் காணும் சவாரி. வழிகாட்டியுடன் காலையில் புறப்பட்டு, கோட்டை, கடற்கரை, படகுச் சவாரி, மதிய உணவு என்று மாலைக்குள் விடுதி திரும்பும் இப்பயணங்களில், படகில் கழியும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பும், அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் ஒரு கடல் பாலூட்டியின் நலனும் அந்தக் குறுகிய நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன. இச்சவாரி எவ்வாறு நடைபெறுகிறது, சட்டம் என்ன சொல்கிறது, பயணிகள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கே, எப்போது?

வடக்கு கோவாவில் சிங்கேரிம், காண்டோலிம், நெரூலில் உள்ள கோக்கோ கடற்கரை ஆகிய இடங்களிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. தெற்கு கோவாவில் பலோலம் கடற்கரை இதற்குப் பெயர் பெற்றது. மர்மகோவா துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் தீவுக்குச் செல்லும் பயணங்களில், நீருக்கடியில் மீன்களைக் காணும் நீச்சலுடன் டால்பின் காண்பதும் சேர்த்தே வழங்கப்படுகிறது.

வடக்கு கோவா சவாரியில் மாண்டோவி ஆறு கடலில் கலக்கும் பகுதியே முக்கியமானது. போர்த்துகீசியர் 1612-இல் கட்டி முடித்த அகுவாடா கோட்டை, அதன் கலங்கரை விளக்கம், முன்பு சிறையாக இருந்து தற்போது அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ள கட்டடம் ஆகியவற்றைக் கடலிலிருந்தே வழிகாட்டிகள் காட்டுவர். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரத்தில் மீன் வளம் மிகுதி என்பதால் டால்பின்களும் அங்கு இரை தேடி வருகின்றன.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடல் கொந்தளிப்பாக இருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இச்சவாரிகள் பொதுவாக நடைபெறுவதில்லை. மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை இருப்பதும் குறிப்பிடத்தக்கது. அக்டோபர் முதல் மே வரையிலான காலமே சவாரிக்கு உகந்தது. அதிலும் காற்று குறைந்து கடல் அமைதியாக இருக்கும் காலை வேளையில், நீர்ப்பரப்புக்கு மேல் எழும் முதுகுத் துடுப்பை எளிதில் காண முடியும்.

காணப்போவது எந்த உயிரினம்?

தமிழகக் கடலோர மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் டால்பின், மீன் அன்று. நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. கோவா கரையோரம் அதிகம் காணப்படுவது இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு டால்பின் என்ற இனமாகும். முதுகுத் துடுப்புக்கு அடியில் திமில் போன்ற மேடு இருப்பதால் இதற்கு இப்பெயர். சாம்பல் நிறமுடைய இவ்விலங்கு, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரிலேயே சிறு கூட்டங்களாக வாழ்கிறது.

கரையோரம் வாழும் இந்த இயல்பே அதற்கு ஆபத்தாகவும் அமைந்துள்ளது. மீன்பிடி வலைகள், துறைமுகப் பணிகள், ஆறுகள் கொண்டுவரும் கழிவுகள், படகுப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் அதே குறுகிய நீர்ப்பரப்பில்தான் நெருங்கியுள்ளன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் அழியும் அபாயத்தில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. கருக்காலம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஒரு முறைக்கு ஒரு குட்டி மட்டுமே பிறக்கும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். எனவே ஏற்படும் இழப்பை இவ்வினம் விரைவில் ஈடுசெய்ய இயலாது.

திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் காட்டப்படுவதுபோல இவை படகைச் சுற்றிக் குதித்து விளையாடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடையக்கூடும். மூச்சு விடுவதற்காக முதுகு வளைந்து எழும் ஓரிரு விநாடிகள், பின்னர் சில நிமிட அமைதி, வேறோர் இடத்தில் மீண்டும் ஒரு முதுகு என்பதே இவற்றின் இயல்பான காட்சி.

துரத்தல் ஏன் நிகழ்கிறது?

கோவா கடற்கரைகளில் பயணிகளை ஈர்க்கப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டுவரும் வாசகம், டால்பின் தெரியாவிட்டால் கட்டணம் இல்லை என்பதாகும். பயணிக்கு இது நியாயமான உறுதிமொழியாகத் தோன்றும். ஆனால் அதன் விளைவு கடலில் வேறுவிதமாக அமைகிறது. டால்பின் தென்படாமல் திரும்பினால் எரிபொருள் செலவும் உழைப்பும் படகோட்டிக்கு நஷ்டம். ஆகவே ஒரு துடுப்பு தெரிந்தவுடன் அருகிலுள்ள படகுகள் அனைத்தும் அத்திசை நோக்கி விரைகின்றன. ஒரு படகு நெருங்கினால், மற்றப் படகுகளில் இருப்பவர்களும் தங்கள் படகு நெருங்கவில்லையே என்று குறைபடுகின்றனர். இறுதியில் ஒரு சிறு கூட்டத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்ளும் நிலை உருவாகிறது.

இப்படகுகளை இயக்குவோரில் பலர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடலை நன்கு அறிந்த அவர்களுக்கு டால்பின்களைத் தொல்லைப்படுத்தாமல் காட்டும் திறன் உண்டு. ஆனால் பொறுமையாகக் காத்திருக்கும் படகோட்டியைவிட, அருகில் கொண்டுசெல்பவரையே பயணிகள் பாராட்டுவதும் கூடுதல் பணம் தருவதும் நிலைமையை மோசமாக்குகின்றன.

இயந்திர ஒலியின் பாதிப்பு

டால்பின்கள் கலங்கிய நீரில் கண்ணைவிட ஒலியையே அதிகம் நம்புகின்றன. குறுகிய ஒலித்துடிப்புகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு இரையையும் வழியையும் அறிகின்றன. தாயும் குட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதும் ஒலியாலேயே. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப்போல் 4 மடங்குக்கும் அதிக வேகத்தில், நெடுந்தொலைவு பரவுகிறது. பல படகுகளின் இரைச்சல் ஒன்றுசேரும்போது இந்த ஒலிகள் மறைக்கப்படுகின்றன.

தொல்லைக்கு உள்ளான டால்பின்கள் திடீரெனத் திசை மாறும், வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூழ்கியிருக்கும், நெருக்கமாகக் கூடிக்கொள்ளும், வாலால் நீரை அறையும். இவற்றை மகிழ்ச்சியின் அறிகுறி எனப் பயணிகள் தவறாகக் கருதுவதுண்டு. இரை தேடவும், ஓய்வெடுக்கவும், குட்டிக்குப் பாலூட்டவும் வேண்டிய நேரம் தப்பிச் செல்வதிலேயே செலவாகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால் அக்கூட்டம் அப்பகுதியை விட்டே விலகிச் செல்லக்கூடும். அவ்வாறு விலகினால் அதனை நம்பியுள்ள சுற்றுலாத் தொழிலும் நிலைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

டால்பின்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலி, யானை ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் உயர்ந்தபட்சப் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. இச்சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள் கொல்வது மட்டுமன்று. பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது, அவற்றுக்கு முயல்வது ஆகியவையும் அந்த வரையறைக்குள் வருகின்றன. முதலாம் அட்டவணை விலங்குகள் தொடர்பான வேட்டைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது ரூ.25,000 அபராதமும் விதிக்க வழி உள்ளது.

டால்பின்களைக் கேளிக்கைக்காக அடைத்து வைக்கும் காட்சியகங்களுக்கு மத்திய அரசு 2013-இல் அனுமதி மறுத்தது. ஆகவே இந்தியாவில் டால்பின்களை அவற்றின் இயற்கையான வாழிடத்தில் மட்டுமே காண இயலும். கடல் மற்றும் ஆற்று டால்பின்களின் பாதுகாப்புக்காக டால்பின் திட்டம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது.

பார்க்கும் முறை

ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின்படி டால்பினிலிருந்து 150 மீட்டர் சுற்றளவு எச்சரிக்கைப் பகுதியாகும். அதற்குள் படகு மணிக்கு 6 கடல் மைலுக்கும் குறைவான வேகத்தில், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்துக்குள் செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் 3 படகுகளுக்கு மேல் இருக்கக்கூடாது. 50 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது.

நேர் எதிராகவோ பின்னாலிருந்தோ அணுகாமல், டால்பின்கள் செல்லும் திசைக்கு இணையாகப் பக்கவாட்டில் மெதுவாகச் செல்வதே சரியான முறை. கூட்டத்தைப் பிளந்து செல்வதும், தாய்க்கும் குட்டிக்கும் இடையே புகுவதும் கூடாது. இயந்திரத்தை உந்துவிசையின்றி வைத்துக் காத்திருந்தால் அவை தாமாகவே நெருங்கி வருவதும் உண்டு. உணவு எறிவது, கூச்சலிடுவது, நீரில் குதிப்பது ஆகியவற்றைப் பயணிகள் தவிர்க்க வேண்டும்.

படகில் ஏறுவதற்கு முன்

கடந்த 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிகழ்ந்த இரு விபத்துகள் படகுப் பயணப் பாதுகாப்பு குறித்த கவலையை எழுப்பின. டிசம்பர் 18 அன்று மும்பையிலிருந்து எலிபெண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் அதிவேகப் படகு மோதியதில் 10-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு வாரத்துக்குப் பின், கிறிஸ்துமஸ் அன்று, கோவாவின் கலங்குட் கடற்கரைக்கு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். 20 பேர் மீட்கப்பட்டனர். ஆழ்கடலில் மட்டுமின்றி, அலைகள் உடைந்து விழும் கரையோரப் பகுதியிலும் ஆபத்து உண்டு என்பதை இரண்டாவது விபத்து உணர்த்தியது.

கோவாவில் சுற்றுலாப் படகுகளுக்குக் கேப்டன் ஆஃப் போர்ட்ஸ் எனப்படும் மாநிலத் துறைமுகத் துறையின் உரிமம் தேவை. பயணிகள் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்ப்பது நல்லது:

* பதிவு எண்ணும் அனுமதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கையும் படகில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதைவிட அதிகமானோர் ஏற்றப்பட்டால் அப்படகைத் தவிர்க்க வேண்டும்.

* உயிர்காப்பு உடையைக் கரையிலேயே அணிந்து, பட்டைகளை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் உடை, படகு கவிழும் விநாடியில் பயன்படாது. குழந்தைகளுக்கு அவர்களின் உடலளவுக்கு ஏற்ற உடையைக் கேட்டுப் பெற வேண்டும்.

* டால்பின் தென்பட்டவுடன் அனைவரும் ஒரே பக்கம் எழுந்து செல்லக்கூடாது. சிறு படகு நிலைகுலைய இதுவே போதுமானது. அமர்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். படம் எடுப்பதற்காக விளிம்பில் சாயக்கூடாது.

* அதிவேகப் படகு அலைமீது ஏறி இறங்கும்போது முன்பகுதியில்தான் அதிர்வு மிகுதி. முதியோர் பின்பகுதியில் அமர்வது நல்லது. கர்ப்பிணிகள், முதுகெலும்புப் பாதிப்பு உள்ளவர்கள் இச்சவாரியைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

* மது அருந்தியிருப்பவர்கள் படகில் ஏறுவதும் கடலில் இறங்குவதும் உயிருக்கே ஆபத்து.

கடற்கரையில் சிவப்பு, மஞ்சள் நிறங்கள் இணைந்த கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் உள்ள குளிக்கும் இடம். சிவப்புக் கொடி இருந்தால் கடலில் இறங்கக்கூடாது. கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், பொதுவான அவசர உதவியை 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பிற இடங்கள்

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் தார்கர்லி, தாபோலி ஆகிய பகுதிகளிலும் இத்தகைய சவாரிகள் உள்ளன. ஒடிசாவின் பூரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாதபடாவிலிருந்து சிலிகா ஏரியின் ஐராவதி டால்பின்களைக் காணலாம். உருண்டைத் தலையுடைய இந்த அரிய இனம் அங்கு ஏறத்தாழ 150 என்ற அளவிலேயே எஞ்சியுள்ளது. அங்கு ஒரு டால்பின் படகு விசிறியில் அடிபட்டாலும் அது பேரிழப்பாகும்.

பயணியின் பங்கு

கரையொதுங்கிய டால்பினைக் காண்பவர்கள் அதனை மீண்டும் கடலுக்குள் தள்ள முயலாமல், உயிர்காப்பாளர்களுக்கோ வனத்துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். உயிருடன் இருந்தால், மூச்சுத் துளையில் நீரோ மணலோ புகாமல், ஈரத்துணியால் உடலைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது உதவும்.

கடலில் ஒவ்வொரு படகையும் பின்தொடர்ந்து கண்காணிப்பது எந்தத் துறைக்கும் எளிதன்று. ஆனால் படகில் அமர்ந்திருப்பவர்கள், துரத்த வேண்டாம், தொலைவிலிருந்து பார்த்தால் போதும் என்று புறப்படும் முன்பே கூறிவிட்டால், படகோட்டிக்குத் துரத்த வேண்டிய கட்டாயம் இல்லை. டால்பின் தென்படாத நாளிலும் உரிய கட்டணத்தைக் கொடுப்பது, அவரது ஒருநாள் உழைப்புக்கு மதிப்பளிப்பதோடு, அடுத்த நாள் அவர் விரையாமல் படகைச் செலுத்தவும் வழிசெய்யும்.